ஆயா வீட்டுப் பவள மாலை: மூவருக்குப் பிரிக்கும் முன் உண்மைப் பவளத்தை உறுதி செய்வது எப்படி?

தேவகோட்டை வளவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆயா (பாட்டி) காலமாகி முதல் ஆண்டுப் படைப்பு முடிந்த மறுநாள், அம்மாவின் முன்னிலையில் பெட்டகத்தைத் திறந்து, ஆயா, சகோதரிகளான எங்கள் மூவருக்கென்று வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்த பொருள்களை எடுத்தோம். அவற்றில் ஒரு பவள மாலை இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 57 சிவப்பு மணிகளும், இடையிடையே சிறு தங்கக் குண்டுகளும் கோர்த்த ஒற்றைச் சரம் அது. சரடு இற்றுப் போய் எடுத்தவுடனேயே ஓரிடத்தில் அறுந்துவிட்டது.

ஆளுக்கு 19 மணி என்று பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லா மணிகளும் ஒரே மாதிரி இல்லை. சில மணிகள் கண்ணைப் பறிக்கும் பளபளப்போடும், சில மங்கலாகவும் இருக்கின்றன. சின்னம்மா பத்து மணிகளை இரவு முழுவதும் பாலில் போட்டு வைத்தார். பால் சிவக்கவில்லை என்பதால் மாலை முழுவதும் போலி என்று சொல்லிவிட்டார். பக்கத்து வளவிலிருந்து வந்த ஓர் ஆச்சி, நனைத்த மஞ்சள் தூளைத் தேய்த்துப் பார்த்து, மஞ்சள் சிவந்த மணிகள் மட்டுமே நல்லவை என்றார். இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

விலை தெரிந்துகொள்வது எங்கள் நோக்கம் இல்லை. மூவரில் ஒருத்திக்கு மட்டும் கண்ணாடி மணிகள் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. மணிகளுக்குச் சேதம் வராத வழி எதுவோ அதைச் சொல்லுங்கள்.

காரைக்குடிப் பட்டறை

ஆச்சி, பாலை இனி எடுக்க வேண்டாம். பவளத்தின் நிறம் அதன் உடம்போடு சேர்ந்து விளைந்த நிறமாகும். கடலில் வாழும் சிற்றுயிர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூட்டுக்குள்ளேயே அது படிந்திருப்பதால், பாலிலோ தண்ணீரிலோ கரைந்து வெளிவருவதற்கு வழியே இல்லை. பால் சிவந்திருந்தால் அது சாயம் ஏற்றிய மணி என்றுதான் பொருள். உங்கள் சின்னம்மா செய்த சோதனையின் விடை, அவர் எடுத்துக்கொண்ட முடிவுக்கு நேர் எதிரானது. ஆனால் சிவக்கவில்லை என்பதாலேயே உண்மைப் பவளம் என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் கண்ணாடியை ஓராண்டு பாலில் போட்டாலும் பால் வெள்ளையாகவேதான் இருக்கும்.

மஞ்சள் சிவந்ததற்குக் காரணம் நம் வீட்டு ஆலத்தித் தட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறது அல்லவா, சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப் பொருளைக் கண்டால் சிவக்கும் குணம் மஞ்சளுக்கு உண்டு. மணிகளைச் சோதிக்கும் முன் சோப்பு நீரில் கழுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். துளையோரத்திலும் நுண்குழிகளிலும் ஒட்டியிருந்த சோப்புதான் மஞ்சளைச் சிவக்க வைத்திருக்கும். சோப்பு ஒட்டினால் ஞெகிழி (பிளாஸ்டிக்) மணியும் அதே போலத்தான் சிவக்கும்.

வேறு எதைச் செய்தாலும் செய்யுங்கள், புளி, எலுமிச்சை, வினிகர், எங்கள் நகைப் பட்டறைத் திராவகம் ஆகியவற்றைப் பவளத்தின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். என் தந்தையிடம் நான் தொழில் பழகிய காலத்தில், பற்றவைத்த மோதிரத்தை வழக்கம்போல வெளுப்பதற்காக, கல் பதித்திருப்பதைக் கவனிக்காமல் திராவக நீரில் இட்டுவிட்டேன். நுரைத்ததைக் கண்டு உடனே எடுத்தும், பவளத்தின் முகம் மெருகிழந்து சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. வாடிக்கையாளரிடம் என் தந்தை மன்னிப்புக் கேட்டு நின்ற காட்சி இன்றும் என் கண் முன்னே இருக்கிறது. திராவகத்தில் நுரைத்தால் உண்மைப் பவளம் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். சலவைக்கல்லும் சங்கும் சிப்பியும் அதே போல நுரைக்கும். விடை கிடைக்காத ஒரு சோதனைக்காக மெருகை இழக்க வேண்டாம்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கமும் உண்டு. பழைய மாலைகளில் செல்லுலாய்டு என்ற பழைய வகை ஞெகிழி மணிகள் கலந்திருக்கலாம், அது மிக வேகமாகத் தீப்பற்றும் பொருள் என்பதால் அதையும் செய்யாதீர்கள். மணிகள் ஒவ்வொன்றும் சரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பிரித்து எடுங்கள். எந்த மணி எங்கே இருந்தது என்பது பிற்பாடு உதவும்.

கல்லியல் மாணவி, பள்ளத்தூர்

பத்தர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். நான் சென்னையில் கல்லியல் (இரத்தினக் கற்களைப் பற்றிய படிப்பு) படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் இப்படியொரு மாலை இருப்பதால், பாடத்தில் கற்றதையெல்லாம் முதலில் அதில்தான் பார்த்தேன்.

ஆச்சி, உங்களுக்கு வேண்டியது பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றும், நல்ல பகல் வெளிச்சமும்தான். சிவப்புப் பவளம் மரக்கிளை போல வளர்கிறது. கிளையின் நெடுக்கில் மிக நுண்மையான இணை வரிகள் ஓடும். மணியை மெல்ல உருட்டிக்கொண்டே பார்த்தால் வெளிர்ந்தும் அடர்ந்தும் மாறி மாறி வரும் அந்த வரிகள் தென்படும். நகைக்குரிய பவளத்தில் இரண்டு வரிகளுக்கு இடைப்பட்ட தொலைவு கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். கிளை குறுக்காக வெட்டுப்பட்டிருக்கும் முனைகளில், வெட்டிய மரத்தில் காண்பதைப் போன்ற வளையங்களும் நடுவிலிருந்து விரியும் கோடுகளும் தெரியலாம். பட்டுத் துணியில் இழை தெரிவதைப் போல என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். ஒரு முறை கண்டுவிட்டால் மறக்காது. மணி நன்றாக மெருகேறியிருந்தால் நேரே பார்க்கும்போது வரி தெரியாது, ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்து, துளையின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணாடியில் இந்த வரி இருக்காது. உருண்டையான குமிழிகளும், பாகு சுழன்று உறைந்தது போன்ற சுழல்களும் இருக்கும். துளையோரம் உடைந்திருந்தால் அந்த உடைவு சிப்பியின் உட்புறம் போல வளைந்து பளபளக்கும், பவளத்தின் உடைவோ மங்கலாக இருக்கும். ஞெகிழியில் வார்ப்புக் கோடு இருக்கலாம், கையில் எடுத்தவுடனே எடையில்லாமை தெரியும். எலும்பைச் சிவப்புச் சாயத்தில் ஊற வைத்த மணிகளில் வரி இருப்பது போலத் தோன்றினாலும், அவை ஓடாமல் நிற்கும் சிறு சிறு கீற்றுகளாகவும், குறுக்கே பார்த்தால் ஊசிமுனைப் புள்ளிகளாகவும் இருக்கும். அவை எலும்பில் இரத்தக் குழாய் ஓடிய துளைகள். சாயமேற்றிய சலவைக்கல்லில் சர்க்கரை போன்ற மணிமணியான தன்மை தெரியும், விரிசல்களில் சாயம் தேங்கியிருக்கும்.

இவற்றைவிட ஏமாற்றுவது வேறொன்று இருக்கிறது. மூங்கில் பவளம் என்று ஒரு வகை உண்டு. மூங்கிலைப் போலக் கணுக்கணுவாக வளரும், இயல்பில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும் அதைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து விற்கிறார்கள். அதிலும் வளர்ச்சி வரிகள் உண்டு, ஆனால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் முரடாக, வெறுங்கண்ணுக்கே தெரியும்படி இருக்கும். அதுவும் உயிரியலின்படி பவளம்தான் என்பதால், கடைக்காரர் 'இது பவளம்' என்று சொல்வது பொய்யாகாது. வாங்குகிறவர்கள் 'இது பவளமா' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'சாயம் ஏற்றாத இயற்கை நிறமா' என்றும் சேர்த்துக் கேட்டு, ரசீதில் அப்படியே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எடை. வீட்டிலேயே செய்யக்கூடிய, மணிக்குத் தீங்கு செய்யாத கணக்கு இது. ஒத்த தோற்றமுள்ள மணிகளை ஒன்றாகச் சேர்த்து உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பின்பு ஒரு கிண்ணத்தில் நீர் வைத்துத் தராசில் ஏற்றி, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அந்த மணிகளை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் முட்டாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி கையில் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், மணிகள் விலக்கிய நீரின் எடையாகும். உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது ஒரு பொருள் அதே அளவு நீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். சிவப்புப் பவளத்துக்கு அது 2.60 முதல் 2.70 வரை வர வேண்டும். எலும்பு 2.0 அளவிலும், ஞெகிழி வகைகள் 1.05 முதல் 1.5 வரையிலும் நிற்கும். சாதாரணக் கண்ணாடி 2.5 என்று வந்து பவளத்துக்கு மிக அருகில் நிற்கக்கூடும், சலவைக்கல்லோ 2.7 என்று வந்து பவளமாகவே நடிக்கும். ஆகவே எடை மட்டும் போதாது, வரி தெரிந்து எடையும் பொருந்தினால்தான் ஏற்க வேண்டும். மணித் துளைக்குள் காற்றுக் குமிழி நின்றால் கணக்குத் தவறிவிடும், மெல்லிய கம்பியை விட்டு அதை வெளியேற்றிவிடுங்கள். தராசு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கையாவது காட்ட வேண்டும்.

கோட்டையூர் வாசகர்

நான் ஏமாந்த கதையைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். செவ்வாய் திசை தொடங்குகிறது என்று சோதிடர் சொன்னதை ஏற்று, முக்கோணப் பவளம் பதித்த மோதிரம் ஒன்றும், என் மனைவிக்கு ஒரு பவளச் சரமும் சுற்றுலாத் தலம் ஒன்றில் வாங்கினேன். கடைக்காரர் அது இராமேசுவரம் கடலில் எடுத்த பவளம் என்றும், நம் ஊர்ப் பவளத்துக்கு ஈடு இல்லை என்றும் சொன்னார். கோடைக்காலத்தில் ஒரு திருமணத்துக்குப் போய் வந்த அன்று, வேர்வையில் நனைந்த என் மனைவியின் வெள்ளை ரவிக்கைக் கழுத்தில் இளஞ்சிவப்புக் கறை படிந்திருந்தது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துளையோரம் தேய்த்தபோது பஞ்சும் சிவந்தது. மணியொன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது.

ஆகவே ஆச்சி அவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். துளைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது சாயம். நல்ல இராமேசுவரப் பவளம் என்றால் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாக இருக்கும்.

கல்லியல் மாணவி, பள்ளத்தூர்

ஐயா, தங்களுக்கு நேர்ந்தது வருத்தமளிக்கிறது. பஞ்சில் சிவப்பு இறங்கியதும், வேர்வையில் கறை படிந்ததும் சாயத்துக்கு உறுதியான சான்றுகள், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் தாங்கள் சொன்ன இரண்டு கருத்துகளை மறுத்தாக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவற்றை நம்பி ஒருவர் நல்ல பவளத்தைத் தூக்கி எறிந்துவிடவும் கூடும், போலியை மீண்டும் வாங்கிவிடவும் கூடும்.

முதலாவது, வெள்ளை நடுப்பகுதி. மத்தியதரைக் கடல் பவளம் பெரும்பாலும் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும் என்பது சரி. ஆனால் ஜப்பானின் அடர்சிவப்புப் பவளத்துக்கு, வணிகத்தில் அக்கா என்று வழங்குவதற்கு, கிளையின் நடுவில் இயற்கையாகவே வெள்ளைத் தண்டு ஓடும். அதை அங்கே ஃபூ என்கிறார்கள். அந்த வெள்ளை இருப்பது ஜப்பானியப் பவளத்துக்கு அடையாளம், குறையன்று. வேறுபாட்டை இப்படிக் காணலாம். சாயமேற்றிய மணியில் நிறம் புறத்தோலில் அடர்ந்து, உள்ளே போகப் போக மங்கும், துளையின் சுவரிலும் விரிசலிலும் சாயம் புகுந்து அங்கே மட்டும் மீண்டும் அடர்ந்திருக்கும். ஜப்பானியப் பவளத்தில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் உள்ள எல்லை வளர்ச்சி வளையத்தை ஒட்டியே அமைந்திருக்கும். வெள்ளை பெரும்பாலும் மணியின் ஒரு பக்கத்தில் பொட்டுப் போலத் தெரியும், அது துளையைச் சுற்றியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இரண்டாவது, இராமேசுவரம். மன்னார் வளைகுடாவில் இருப்பவை பவளப்பாறைகள். ஆழமில்லாத, வெயில் படும் நீரில் வளர்பவை. அவற்றின் கூடு வெள்ளையாகவும் துளைகள் நிறைந்ததாகவும் இருக்கும், மெருகேற்றி மணியாக்குவதற்கு உகந்ததன்று. நகைக்குரிய சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலிலும், ஜப்பான், தைவான் பகுதிக் கடலின் ஆழத்திலும் விளைகிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் 1972 ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சேர்க்கப்பட்டு, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பைப் பெற்றிருக்கின்றன. ஆகவே 'இராமேசுவரத்துப் பவள மாலை' என்று யாராவது சொன்னால் ஒன்று அது பவளம் அன்று, அல்லது இராமேசுவரத்தது அன்று.

நகப்பூச்சு நீக்கியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள அசிட்டோன் செல்லுலாய்டைக் கரைத்துவிடும், பிசின் நிரப்பிய குழிகளையும் பாதிக்கும். முழு மணியை அதில் நனைக்காமல், துளையோரத்தில் மட்டும், ஒரே ஒரு முறை, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டுப் பாருங்கள். சில சாயங்கள் அசிட்டோனிலும் இறங்காது, மேலே மெழுகோ பூச்சோ இருந்தாலும் தப்பித்துவிடும். பஞ்சு சிவந்தால் விடை உறுதி, சிவக்காவிட்டால் விடை இல்லை.

பவளக்காரத் தெரு

இடையில் ஒரு சிறு குறிப்பு. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று இன்றும் வழங்கும் தெருவின் பெயர் காரணமில்லாமல் வந்ததன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மதராசில் தங்கிய யூத வணிகர்கள், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து இலண்டன் வழியாக வந்த மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை அங்கே அனுப்பினார்கள். சங்கப் பாடல்களில் துகிர் என்று வரும் பவளத்துக்கும் நமக்கும் உள்ள உறவு அதைவிட மிகப் பழையது. உரோமானியர் இந்திய முத்தை எவ்வளவு மதித்தார்களோ, அவ்வளவு இந்தியர்கள் பவளத்தை மதித்தார்கள் என்ற கருத்தில் பழங்கால உரோமானிய எழுத்தாளரான பிளினியே எழுதியிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அருகிலுள்ள தோர்ரே தெல் கிரேக்கோ பவளத் தொழிலின் தலைநகரானது. முதல் பட்டறைக்கு அங்கே 1805 இல் அனுமதி கிடைத்தது. 1875 முதல் 1880 வரையிலான ஆண்டுகளில் சிசிலித் தீவின் சியாக்கா கடலடியில் இறந்து படிந்த பவளம் பெருமளவில் கிடைத்தது, அது செம்மஞ்சள் சாயலுடையது. ஆகவே பழைய மாலையில் சில மணிகள் ஆரஞ்சு கலந்து தெரிந்தால், அந்த ஒரு காரணத்துக்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டாம்.

காரைக்குடிப் பட்டறை

தங்கச்சி சொன்ன வெள்ளைத் தண்டு பற்றிய செய்தி எனக்கும் இன்றுதான் தெளிவாயிற்று. வெள்ளைப் பொட்டுள்ள மணிகளைப் பொட்டுப் பின்புறம் போகும்படி பதிக்க வேண்டும் என்று என் தந்தை சொல்லிக் கொடுத்தார், காரணம் சொன்னதில்லை.

ஆச்சி முதலில் எழுதிய ஒரு வரிக்குத் திரும்புகிறேன். சில மணிகள் பளபளப்பாகவும் சில மங்கலாகவும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பளபளப்பவை நல்லவை, மங்கியவை போலி என்று பலரும் நினைப்பார்கள். பட்டறை அனுபவத்தில் நான் கண்டது அதற்கு மாறானது. பவளம் மென்மையான பொருள், கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை குறிக்கும் மோவின் அளவில் மூன்றரையை ஒட்டித்தான் அதன் கடினம். ஐம்பது அறுபது ஆண்டுகள் கழுத்தில் கிடந்த மாலையில், தோலோடு ஒட்டியிருந்த பக்கத்தை வேர்வை அரித்து மெருகை எடுத்துவிடும். தங்கக் குண்டு உரசிய துளையோரம் தேய்ந்து குழிந்திருக்கும். அதே மாலையில் புதுக் கருக்கோடு பளிச்சிடும் மணி இருந்தால் அதைத்தான் நான் முதலில் லென்ஸில் வைப்பேன், ஏனென்றால் வேர்வையால் கண்ணாடியை அவ்வளவு எளிதில் மங்கச் செய்ய முடியாது.

இன்னொன்று, 57 மணிகளும் புள்ளி, குழி, வெளிர்ப்பு எதுவுமில்லாமல் ஒரே அச்சில் வார்த்ததைப் போல இருந்தால் மகிழ்ச்சி அடையாமல் ஐயப்பட வேண்டும். கிளையின் பருமன் ஓர் ஆண்டில் அரை மில்லிமீட்டர்கூடக் கூடாத உயிர் அது. எட்டு மில்லிமீட்டர் மணி ஒன்று தேறுவதற்கே பல பத்தாண்டுகள் வளர்ந்த கிளை வேண்டும். 57 மணிக்கும் ஒரே கிளையிலிருந்து நிறம் கிடைப்பது அரிது.

புதுவயல்

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிலோக் கணக்கில் பழைய மணிகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். குறையும் மணிகளுக்கு ஈடாக அங்கே பழைய பவளம் வாங்கலாமா?

காரைக்குடிப் பட்டறை

வாங்கலாம், நானே அங்கே நல்ல மணிகளைக் கண்டிருக்கிறேன். ஆனால் பழைய மணி என்பதும் பவள மணி என்பதும் வெவ்வேறு செய்திகள். பவள நிறக் கண்ணாடிப் பாசி ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்து இறங்கத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவையும் இப்போது பழம்பொருள்களே. கையில் லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள், குவியலாக விலை பேசாமல் மணி மணியாகப் பொறுக்கி எடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள்.

தேவகோட்டை வளவு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபடியே நூலில் எண்ணிட்டு, வெள்ளைத் துணி விரித்து, வளவில் வெயில் சாய்ந்து விழும் காலை வேளையில் மூன்று சகோதரிகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். முதல் அரை மணி நேரம் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. பின்பு என் இளைய தங்கை துளையோரம் ஒளி படும்படி ஒரு மணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, 'பட்டிழை மாதிரி இருக்கிறது' என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு மணியிலும் அது தானே தெரிய ஆரம்பித்தது.

45 மணிகளில் நுண்வரிகள் ஐயமில்லாமல் தெரிகின்றன. அவற்றில் ஆறில் பள்ளத்தூர்த் தங்கச்சி சொன்ன வெள்ளைப் பொட்டும் இருக்கிறது. ஒரு பக்கம் மெருகு போய் மங்கியிருப்பவையும் இவையே. 9 மணிகளில் வரியே இல்லை, லென்ஸில் சிறு உருண்டைக் குமிழிகள் தெரிகின்றன, மங்காமல் பளபளப்பவை இவைதாம். எஞ்சிய 3 மணிகளில் புள்ளியும் கீற்றுமாக இருக்கிறது, கையில் எடுத்தால் இலேசாகவும் இருக்கின்றன.

மிட்டாய்க் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சிறு தராசைக் கொடுத்து உதவினார். 45 மணிகளைப் பதினைந்து பதினைந்தாக நிறுத்தோம். முதல் பதினைந்தின் உலர் எடை 10.36 கிராம், நீரில் காட்டிய எண் 3.91, வகுத்தால் 2.65. மற்ற இரண்டு கட்டுகளும் 2.63, 2.66 என்று வந்தன. பளபளப்பான ஒன்பதுக்கு 6.12 கிராமும் 2.43 கிராமும், அதாவது 2.52. கடைசி மூன்றுக்கு 1.58, 0.79, சரியாக 2.00. சோப்பில் கழுவியது உண்மைதான், சின்னம்மாவே ஒப்புக்கொண்டார். நல்ல நீரில் அலசி உலர்த்திய பின் மஞ்சளைத் தடவினோம், எந்த மணியிலும் சிவக்கவில்லை.

கல்லியல் மாணவி, பள்ளத்தூர்

ஆச்சி, இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், படித்ததும் மனம் நிறைந்தது. 45 சிவப்புப் பவளம், 9 கண்ணாடி, 3 சாயமேற்றிய எலும்பு என்பதே நீங்கள் தந்த விவரங்களிலிருந்து நான் எடுக்கும் முடிவு. வெள்ளைப் பொட்டுள்ள ஆறும் ஜப்பானிய வகையாக இருக்கக்கூடும், மற்ற 39 மத்தியதரைக் கடலைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்றாலும், தோற்றத்தை மட்டும் வைத்து நான் அதை எழுத்தில் தர மாட்டேன். சாயம் உண்டா இல்லையா என்பதில் எள்ளளவும் ஐயம் இருக்கக் கூடாது என்று நினைத்தால், ஒன்றிரண்டு மணிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். இராமன் நிறமாலைக் கருவியில் ஒளிக்கற்றையைச் செலுத்தினால் பவளத்தின் இயற்கை நிறமி தனக்கே உரிய இரண்டு கூரிய முகடுகளைக் காட்டும், சாயம் அவற்றைக் காட்டாது. மணியில் கீறல்கூட விழாது.

அந்த ஒன்பது கண்ணாடி மணிகளும் சரத்தில் எந்த இடத்தில் இருந்தன?

தேவகோட்டை வளவு

கேட்டது நல்லதாயிற்று. எண்களைப் பார்த்தால் ஒன்பதும் கொக்கியின் இரு பக்கமும், அதாவது பிடரியில் மறையும் இடத்திலேயே இருந்திருக்கின்றன. எலும்பு மூன்றும் இடையில் சிதறிக் கிடந்தவை. இதை அம்மாவிடம் சொன்னதும் அவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் மகனுடைய பிறந்தநாள் வெள்ளிப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார்கள்.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் கறுப்பு மணியோடு பவளமும் கோர்த்துக் கையில் கட்டுவதை அறிவீர்கள். அவன் கையில் கட்டியிருந்த காப்பில் எட்டு மில்லிமீட்டர்ப் பவளம் ஒன்று இருக்கிறது, அத்தனை சிறிய கைக்கு அவ்வளவு பெரிய மணி எதற்கு என்று நான் அப்போதே கேட்டது நினைவிருக்கிறது. லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அதே வரி, துளையோரத்தில் தங்கக் குண்டு உரசிய அதே தேய்வு. ஆயாவுக்குப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஒன்பது பேர். இதுவரை ஐந்து வீடுகளில் தேடிப் பார்த்துவிட்டார்கள், ஐந்திலும் மணி இருக்கிறது. எலும்பு மணி எப்படி வந்தது என்பது மட்டும் அம்மாவுக்கும் தெரியவில்லை.

காரைக்குடிப் பட்டறை

ஆச்சி, கோர்க்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். மணிக்கு மணி முடிச்சுப் போட்டுப் பட்டுநூலில் கோர்க்கச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், தங்கக் குண்டும் பவளத்தை அரைக்காது. மங்கிய பக்கத்தை மெருகேற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெருகு ஏற்றுவதென்றால் மேல்தோலைத் தேய்த்து எடுப்பதுதான். அணிந்து கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்ட பிறகே மாலையை அணிய வேண்டும்.

தேவகோட்டை வளவு

அப்படியே செய்கிறோம், பத்தர் ஐயா. ஆளுக்குப் பதினைந்து பவளம், வெள்ளைப் பொட்டுள்ளவற்றில் இரண்டிரண்டும் அந்தப் பதினைந்துக்குள் அடக்கம். ஒன்பது கண்ணாடி மணிகளை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். இரண்டு தங்கைகளும் ஒப்பவில்லை, ஆயா வைத்த இடத்திலேயே கொக்கிக்கு அருகில் மூன்று மூன்றாக இருக்கட்டும் என்றார்கள். எலும்பு மணிகளைத் தனியே ஒரு டப்பியில் போட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம். எது பவளம், எது கண்ணாடி, எடைக் கணக்கு என்ன என்பதை மூன்று சீட்டுகளில் எழுதி, ஒவ்வொரு மாலையோடும் ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கோர்க்கக் கொடுக்கிறோம்.